விட்பீரில் விட்ட ஏழு மார்க்

போன வாரம் ரிசல்ட் வந்தது. பீர் நடுவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கும் பி.ஜே.சி.பி. அமைப்பின் சுவைத் தேர்வில் நூற்றுக்கு 73. பாஸ்தான், சந்தோஷம்தான். ஆனால் எண்பது நிச்சயம் என்று பார்த்தவர்களிடமெல்லாம் அளந்து வைத்திருந்தேன். அந்த ஏழு மார்க் எங்கே போனது என்பதும் தெரியும். மூன்றாவது டம்ளர். பி.ஜே.சி.பி. பட்டியலில் 24ஏ என்ற வகை, பெல்ஜிய விட்பீர்: கோதுமை சேர்த்துக் காய்ச்சி, மல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுகிற கலங்கலான பீர்.

தேர்வு இதுதான்: 90 நிமிடத்தில் ஆறு பீரைச் சுவைத்து, ஒவ்வொன்றுக்கும் ஐம்பதுக்கு மார்க் போட்டுக் குறிப்பும் எழுத வேண்டும். நேராக என் தப்புக்கு வருகிறேன்.

டம்ளரை மூக்கருகே கொண்டுபோனதும் மல்லி வாசம் குப்பென்று வந்தது. பாளையங்கோட்டையில் வளர்ந்தவனுக்கு அந்த வாசம் வந்தால் வீட்டில் ரசம் கொதிக்கிறது என்று அர்த்தம். மனசு குளிர்ந்துபோய் மணத்துக்கு 12-க்கு 10 போட்டேன். மொத்தம் 39. அதே பீரைச் சுவைத்த நடுவர்கள் போட்டிருந்தது 27. செலரித் தண்டும் உப்புக்கண்டம் போட்ட பன்றிக்கறியும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை அதில் இருந்ததாம். சில ஊர் மல்லி அப்படித்தான் மணக்கும், இந்த வகையில் அது குறை என்று பி.ஜே.சி.பி.யின் பீர் வகை வழிகாட்டியிலேயே இருக்கிறது. பத்துத் தடவை படித்த வரி. ஆனால் செலரியை நான் அதுவரை முகர்ந்ததே இல்லை! நம் தேர்வு மதிப்பெண்ணில், நாம் போடும் மார்க் நடுவர்களுடையதோடு ஒத்துப்போவதற்கு ஐந்தில் ஒரு பங்கு, பீரின் குணங்களைக் கண்டுபிடிப்பதற்கு இன்னொரு பங்கு. இரண்டிலும் அடி.

வீட்டுக்கு வந்த பிறகு நான் செய்ததை, தேர்வு எழுதப்போகிற நீங்கள் முன்னாலேயே செய்துவிடுங்கள். நாலு கிண்ணம். ஒன்றில் வறுத்த மல்லி, ஒன்றில் வறுக்காமல் அப்போதே தட்டியது, ஒன்றில் டப்பாவில் ஆறு மாதம் கிடந்த பொடி, நாலாவதில் செலரி. ஒவ்வொன்றிலும் அரை லிட்டர் வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைத்து வடிகட்டுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, எது எது என்று தெரியும்வரை முகருங்கள்.

அம்மா பார்த்துவிட்டாள். "ஏல, ரசத்துக்கு வச்ச மல்லிய எதுக்குல போட்டு நசுக்குத?" சளிக்குக் கஷாயம் என்றேன். அன்று ராத்திரி நெஞ்சில் தைலம் தேய்க்காமல் விடவில்லை.

வறுக்காமல் தட்டிய மல்லியில் எலுமிச்சையும் பூவும் கலந்த வாசம் இருக்கிறது. மல்லி எண்ணெயில் இருக்கும் லினலூல் என்ற வாசனைப் பொருள் செய்கிற வேலை. விளாத்திகுளம் கரிசல் மல்லியை வாங்கி வந்து தட்டிய அன்றுதான் எனக்கே இது புரிந்தது. முப்பது வருஷம் தின்ற சாமான், வறுத்த வாசம் மட்டும்தான் பழக்கம்.

பீர் எப்படிக் காய்ச்சுவது என்பதற்கு எனக்கு இங்கிலாந்தில் லீட்ஸில் இருக்கிற பெரியப்பா மகன்தான் வாத்தியார். அங்கே சொந்த உபயோகத்துக்கு வீட்டில் காய்ச்சலாம். இங்கே சட்டம் விடாது, ஆசைப்பட்டுப் பானையை ஏற்றிவிடாதீர்கள். வீடியோ காலில் அண்ணன் காய்ச்ச, நான் நோட்டில் எழுதினேன். 20 லிட்டருக்கு பில்ஸ்னர் மால்ட் (முளைகட்டி உலர்த்திய வெளிர் நிற பார்லி) 2.3 கிலோ, முளைகட்டாத கோதுமை 2 கிலோ, ஓட்ஸ் கால் கிலோ. தானியம் எல்லாம் 67 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊற வேண்டும். வடித்த சாறைக் கொதிக்கவிட்டு, கொதி முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது தட்டிய மல்லி 20 கிராம், காய்ந்த கசப்பு ஆரஞ்சுத் தோல் 15 கிராம். அந்தத் தோலின் வாசம் பழக, நார்த்தங்காயை வெள்ளைப் பகுதி ஒட்டாமல் சீவி முகர்ந்தேன். கிட்டத்தட்ட வந்துவிட்டது.

விட்பீரின் கலங்கல் எதனால் என்று அல்வா ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சம்பாக் கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்தால் பால் எப்படி இருக்கும்? அதே மாவும் புரதமும்தான். மாவைச் சர்க்கரையாக்கும் நொதி மட்டும் பார்லி மால்ட்டிலிருந்து வரவேண்டும்.

மற்றவை, சுருக்கமாக:

- ஜெர்மன் கோதுமை பீரான வைஸ்பீரோடு குழப்பாதீர்கள். அங்கே கோதுமை முளைகட்டியது, கிராம்பு வாசமும் வாழைப்பழ வாசமும் ஈஸ்ட் கொடுப்பது. இங்கே மசாலாவை நிஜமாகவே போடுகிறார்கள்.
- விட்பீருக்குத் தொடக்க அடர்த்தி (புளிப்பதற்கு முன் சாறின் அடர்த்தி, தண்ணீர் 1.000) 1.044–1.052, ஆல்கஹால் 4.5–5.5%, கசப்பு அளவு (ஐ.பி.யு.) 8–20. மனப்பாடம், வேறு வழியில்லை.
- பெல்ஜியத்தின் ஹூகார்டன் ஊரில் நின்றுபோன இந்த பீரை 1960களில் மறுபடி தொடங்கியவர் பியர் செலிஸ் என்ற பால்காரர். இதற்குமேல் வரலாறு வேண்டாம்.
- குறையைச் சொன்னால் போதாது, காய்ச்சியவர் என்ன மாற்ற வேண்டும் என்றும் எழுதுங்கள். "மல்லியை மாற்றவும்" என்று நான் எழுதியிருக்க வேண்டிய இடத்தில் "அருமை" என்று எழுதினேன்.

இன்னொன்று, சாப்பாடு. தேர்வு பெங்களூரில். ராத்திரி ரயிலுக்கு அம்மா புளியோதரை கட்டிக் கொடுத்தாள், மல்லி வறுத்துப் பொடித்துப் போட்டது. கோவில்பட்டி தாண்டும்போது தின்றேன். காலையில் தேர்வு அறையில் விரலை முகர்ந்தால் இன்னும் அதே வாசம். அடுத்த முறை தயிர்சாதம் போதும் என்று சொல்லிவிட்டேன். சரி என்றாள். மோர்மிளகாய் வைக்காமல் எப்படிக் கொடுத்தனுப்புவது என்பதுதான் இப்போது வீட்டில் சண்டை.