முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்தும் ஒரு பிரேரணையும்

கட்டாக்காலி மாடுகளைக் கட்டுப்படுத்த ஓர் உபவிதி, அதாவது சபை தன் எல்லைக்குள் போடும் சட்டம், கொண்டுவாருங்கள் என்று இலங்கையில் உள்ள எங்கள் பிரதேச சபையிடம் கேட்டு முடிக்க எனக்கு ஒன்றே முக்கால் வருடம் சென்றது. கொண்டுவர அல்ல, கேட்க மட்டும். இதில் பாதி என் அவசரப் புத்தியால் வீணானது. மீதி கந்தோர்களின் புண்ணியம்.

2024 தை மாதம், நெல் கதிர் தள்ளிக்கொண்டிருந்த நேரம். இரவு இரண்டு மணிக்கு நாய் விடாமல் குரைக்க, டோர்ச்சை எடுத்துக்கொண்டு வயலுக்கு ஓடினேன். வெளிச்சம் பட்ட இடமெல்லாம் சோடி சோடியாகக் கண்கள். பதினான்கு வரை எண்ணினேன். ஒரு பசு என்னைத் திரும்பிப் பார்த்தது. வாயில் தொங்கிய கதிரை அவசரமில்லாமல் உள்ளே இழுத்துக்கொண்டு மறுபடியும் குனிந்தது. விடிந்து பார்த்தால் அரை ஏக்கர் தரையோடு கிடந்தது. எல்லா மாட்டிலும் குறி சுட்டிருந்தது. எந்தக் குறிக்கும் ஆள் இல்லை.

அந்த வாரம் சுவிஸிலிருந்து தங்கையின் கணவர் தொலைபேசியில் பேசினார். அங்கே பதினெட்டு மாதத்துக்குள் ஒரு லட்சம் வாக்காளர்கள் கையெழுத்து வைத்தால் அரசியலமைப்பையே மாற்றக் கேட்டு நாடு முழுவதும் வாக்கெடுப்பு நடத்த வைக்கலாமாம். மாநிலத்திலும் ஊர்ச் சபையிலும் அதைவிட எவ்வளவோ குறைந்த கையெழுத்தில் சட்டம் கேட்கலாமாம். "நீங்களும் ஊரில் கையெழுத்து வாங்குங்கள் மச்சாள், சபை மறுக்க முடியாது" என்றார். நானும் நம்பினேன். அந்தச் சட்டம் அவர்களுடையது, எங்களுடையது அல்ல என்பது எனக்கு உறைக்கவே இல்லை. இந்த நாட்டில் நடந்த ஒரே சர்வசன வாக்கெடுப்பு 1982 டிசம்பர் 22 அன்று. அதுவும் பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டுவதற்காக ஜனாதிபதி கேட்டதே தவிர, மக்கள் கேட்டதல்ல. உள்ளூர் மட்டத்திலும் அப்படி ஒரு வழி இல்லை. எவ்வளவு கையெழுத்துச் சேர்த்தாலும் அது மனு மட்டுந்தான்.

கையெழுத்து வாங்கியது சுலபம். குளத்துக்குக் கீழே வயல் வைத்திருப்பவர்கள் எல்லோரும் மாடுகளால் நொந்துபோனவர்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமையில் 312 பேர். ஓர் ஆச்சி பெருவிரல் அடையாளம் வைத்துவிட்டு, விரலில் ஒட்டிய மையை என் சேலைத் தலைப்பிலேயே துடைத்தார்.

மனுவைக் கொண்டுபோய் பிரதேச செயலகத்தில் கொடுத்தேன். சிரிக்காதீர்கள், படித்தவர்களும் இதில் சறுக்குகிறார்கள். செயலகம் அரசாங்கத்தின் கந்தோர்; காணி, பிறப்புச் சான்றிதழ், நிவாரணம் எல்லாம் அங்கே. உபவிதி செய்யும் அதிகாரம் பிரதேச சபைக்குத்தான், 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின்படி. அங்கே இருந்தவர் அதைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். அவர் வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்துப் போய்க் கேட்டபோது கோப்புகளுக்கு அடியிலிருந்து உருவி எடுத்து, "இது எங்களுடைய வேலை இல்லையே அம்மா" என்றார். பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் எந்தக் கந்தோரிலும் எதையும் கொடுக்காதீர்கள். அந்த இரண்டு மாதத்துக்கு என்னிடம் ஒரு சாட்சியும் இல்லை.

சபைக்குப் போனால், சபை இல்லை. உள்ளூராட்சி மன்றங்களின் காலம் 2023 மார்ச்சில் முடிந்து, சபையின் செயலாளர்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "தேர்தல் முடியட்டும், தவிசாளர் வரட்டும்" என்றார்கள். தேர்தல் நடந்தது 2025 மே 6. மனு ஒரு வருடத்துக்கு மேல் என் வீட்டு அலுமாரியில் கிடந்தது.

புதிய சபை கூடியதும் முதல் ஆளாகப் போனேன். முகாமைத்துவ உதவியாளராக இருந்த பையன் ஒவ்வொரு தாளாகப் புரட்டினான். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்தான். 41 பெயர்களின் மேல் கோடு. குளத்தின் மறுகரையில் இருப்பவர்கள், அடுத்த சபையின் ஆட்கள். அதோடு விட்டானா? "அக்கா, முதல் தாளில் மட்டும்தான் கோரிக்கை இருக்கிறது. மற்றப் பன்னிரண்டு தாளும் வெறும் பெயர். இவர்கள் மாட்டுக்குத்தான் கையெழுத்து வைத்தார்கள் என்று எப்படித் தெரியும்?" எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனால் பையன் சொன்னதில் பிழை இல்லை. சுவிஸ்காரரிடம் சொல்லிப் புலம்பியபோது, "அங்கேயும் அப்படித்தான் மச்சாள், ஒவ்வொரு தாளிலும் கோரிக்கை முழுவதும் அச்சிட்டிருக்க வேண்டும், ஒரு தாளில் ஒரே ஊர்ச் சபை ஆட்கள்தான் இருக்கலாம்" என்றார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

மறுபடியும் கையெழுத்து வாங்க எனக்கு உடம்பில் தெம்பு இல்லை. அந்தப் பையன்தான் தணிந்த குரலில் வழி சொன்னான். இருநூறோ இரண்டாயிரமோ, எண்ணிக்கைக்குச் சட்டத்தில் ஒரு பெறுமதியும் இல்லை; உறுப்பினர் ஒருவர் மாதாந்த அமர்வில் பிரேரணையாக வைத்தால்தான் அது சபையின் அலுவல் ஆகும். கையெழுத்து அந்த உறுப்பினருக்குத் துணிவு கொடுக்க மட்டும். எனக்கு இதைச் சொல்ல ஒரு மனிதர் கிடைக்க அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

உறுப்பினரிடம் போவதற்கு முன் செய்த ஒரு காரியம் மட்டும் உருப்படியானது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் சபையின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் எழுதி, இப்போது நடைமுறையில் உள்ள உபவிதிகளின் பட்டியலைக் கேட்டேன். 14 வேலை நாளில் பதில் தர வேண்டும், வந்தது. மாடு பற்றி ஒன்றும் இல்லை. இதைக் கட்டாயம் செய்யுங்கள். 1952 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ் ஆயத்தமாக இருக்கும் நியம உபவிதிகளைச் சபை ஒரு தீர்மானத்தால் அப்படியே ஏற்கலாம். ஏற்கெனவே ஏற்றுக்கொண்டதைப் புதிதாகக் கேட்டுக்கொண்டு நின்றால் மானம் போகும்.

எங்கள் வட்டார உறுப்பினர் இளைஞர். நான் எழுதிக்கொண்டு போனதில் பாதியை வெட்டினார். நட்டஈடு என்ற பகுதிக்கு 1876 ஆம் ஆண்டிலிருந்தே கால்நடை அத்துமீறல் கட்டளைச் சட்டம் இருக்கிறது, அதை இதற்குள் திணித்தால் மேலிடம் திருப்பி அனுப்பிவிடும் என்றார். மிஞ்சியது மாட்டைப் பிடிப்பது, அடைத்துவைப்பது, உரிமையாளர் கட்டணம் கட்டி மீட்பது.

இதற்கிடையில் பட்டிக்காரர் ஒருவர் என் படலையில் வந்து நின்றார். சண்டைக்கு வந்தவரென்று நினைத்து உட்காரக் கதிரை போடவில்லை. "பிள்ளை, மாட்டைக் கட்டு என்கிறாய். மேய்ச்சல் தரை எங்கே? முன்பு மேய்த்த இடத்தில் இன்று எல்லைக் கல் நிற்கிறது." பதில் சொல்ல முடியவில்லை. கதிரை எடுத்துப் போட்டேன். அன்றுதான் 'பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் மாடுகளை அப்புறப்படுத்த முடிவாகும் திகதியிலிருந்து அறுவடை முடியும் வரை' என்ற வரி வரைபில் சேர்ந்தது. வருடம் முழுவதும் என்று விட்டிருந்தால் அவருடைய ஆட்கள் எல்லா உறுப்பினர் வீட்டிலும் போய் நின்றிருப்பார்கள்.

அமர்வு நாளில் பார்வையாளர் பகுதியில் இருந்தேன். தெருவிளக்குக்கு முக்கால் மணித்தியாலம், சந்தைக் கடைக் குத்தகைக்கு ஒரு மணித்தியாலம் அடிபட்டார்கள். என் மாடுகளுக்கு ஆறு நிமிடம். ஒருவர் முன்மொழிந்தார், எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் வழிமொழிந்தார், எதிர்ப்பு இல்லை. தவிசாளர் அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார். நான் எழுந்து வெளியே வந்து கன்டீனில் இரண்டு வடை சாப்பிட்டேன்.

இனி உபவிதியின் வரைபு உள்ளூராட்சி உதவி ஆணையாளர் வழியாக மேலே போக வேண்டும். மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்ததிலிருந்து மாகாண அமைச்சர் என்று எவரும் இல்லாததால் அங்கீகாரம் ஆளுநரின் கையில். அதற்குப் பிறகு அரசாங்க அறிவித்தல்கள் வரும் வர்த்தமானியில் வந்தால்தான் உபவிதி உயிர் பெறும். கோப்பு இலக்கத்தை விதைநெல் கணக்குக் கொப்பியின் பின்னட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். மாதத்தின் முதல் திங்கட்கிழமை அந்தப் பையனுக்குத் தொலைபேசி எடுக்கிறேன். என் குரல் கேட்டதும் இலக்கத்தை அவனே சொல்லிவிடுகிறான்.

விதைப்பு முடிந்துவிட்டது. டோர்ச்சுக்குப் புதிய பற்றரி வாங்கிப் போட்டிருக்கிறேன்.