பௌர்ணமிக்கு லீவு

"ஏட்டி, இன்னைக்காவது வந்துச்சா?"

2014 நவம்பரில் நான் ஆய்வு மாணவியாக ஹன்லேயில் இருந்த நாட்களில், போனை எடுத்ததும் அம்மா கேட்கும் முதல் கேள்வி இதுதான். சாப்பிட்டியா என்பது இரண்டாம் இடத்துக்குப் போயிருந்தது. மகள் லடாக்கில் 4,270 மீட்டர் உயரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு, ராத்திரி முழுக்க எதற்கோ காத்துக் கிடக்கிறாள் என்ற அளவுக்கு அம்பாசமுத்திரத்தில் விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது. இதே வேலையை டாடா ஆய்வு நிறுவனத்தார் முன்பு ஊட்டியில் செய்தார்கள் என்று ஒருமுறை சொல்லித் தொலைத்துவிட்டேன். "ஊட்டியிலயே இருந்திருந்தா நானும் ஒரு எட்டு வந்து பாத்திருப்பேம்லா" என்ற புலம்பல் அன்றைக்குத் தொடங்கியது.

வர வேண்டியது காமாக் கதிர். அதுவும் கண்ணுக்குத் தெரியும் ஒளித்துகளைவிடப் பத்தாயிரம் கோடி மடங்கு ஆற்றல் உள்ள ரகம். அது தரைக்கு வராது. மேலே காற்றில் மோதி, எலக்ட்ரானும் பாசிட்ரானுமாகச் சிதறி, அந்தக் கூட்டம் கீழ்நோக்கிப் பாயும்போது நீலமாக ஒரு மினுக்கு விழும். செரன்கோவ் ஒளி. ஒரு நொடியை நூறு கோடி கூறு போட்டால், அதில் ஏழெட்டுக் கூறு நேரம்தான் அதன் ஆயுள். அதைப் பிடிக்கத்தான் ஹகார்: நடுவில் ஒன்று, சுற்றி ஆறு என ஏழு தொலைநோக்கிகள், ஒவ்வொன்றிலும் 0.9 மீட்டரில் ஏழு கண்ணாடிகள். மினுக்கு எந்தத் தொலைநோக்கியை எந்தக் கணம் தொட்டது என்று பார்த்து, வந்த திசையைக் கணக்கிடுவோம்.

மினுக்குகளுக்குப் பஞ்சமே இல்லை. ஓயாமல் வரும். ஆனால் ஏறக்குறைய எல்லாமே காஸ்மிக் கதிர்கள், அதாவது விண்வெளியிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்கள், போடுபவை. ஆயிரத்துக்கு ஒரு காமா தேறினால் பெரிய விஷயம். அதனால் காமா வரும் என்று எதிர்பார்க்கும் கேலக்சியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதே சாய்வில் ஒன்றுமே இல்லாத வானத்தையும் அதே அளவு நேரம் பார்க்க வேண்டும். ஆன்-சோர்ஸ், ஆஃப்-சோர்ஸ் என்போம். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து மிச்சம் நின்றால் காமா. ஆக, என் ஷிஃப்ட்டில் பாதி, வெற்றிடத்தைக் கவனமாகப் பார்த்துக் குறித்துவைப்பது. வெளியே மைனஸ் பதினைந்து. உள்ளே நான் இல்லாததைப் பதிவுசெய்துகொண்டிருப்பேன். இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

நான் பார்த்த கேலக்சியின் பெயர் 1ஈஎஸ் 2344+514. நடுவில் ராட்சதக் கருந்துளை, அதிலிருந்து பீறிடும் தாரை ஏறக்குறைய நம்மை நோக்கி: பிளேசார் ஜாதி. 1995 டிசம்பர் 20 அன்று அரிசோனாவின் விப்பிள் தொலைநோக்கியில் ஒரே ராத்திரி ஓங்கி எரிந்து தன்னைக் காட்டிக்கொண்டது. அதன் பிறகு பெரும்பாலும் தணல்தான். கண்டோம் என்று சொல்ல ஐந்து சிக்மா வேண்டும்; மிச்சம் நின்றது தற்செயல் இல்லை என்பதற்கான அளவுகோல் அது. எனக்கு இரண்டைக்கூடத் தொடவில்லை. தினம் சீராகக் காமா வீசும் நண்டு நெபுலாவைப் பார்த்து, கருவி ஒழுங்காகத்தான் இருக்கிறது என்று ஆறுதல் பட்டுக்கொள்வேன்.

இதற்கு நடுவில் நிலா. மினுக்கைப் பிடிக்கும் போட்டோமல்டிபிளையர் குழாய்களுக்கு நிலா வெளிச்சம் ஆகவே ஆகாது. அம்மா பௌர்ணமிக்கு விரதம் இருப்பாள். எங்களுக்கு பௌர்ணமி லீவு. அந்த நவம்பர் 6-ம் தேதி, கொட்டிக் கிடந்த நிலவொளியில் ஹன்லே மடத்தைப் பார்த்துக்கொண்டே எரிச்சலோடு நின்றேன். இப்போது எரிந்தால் என்ன செய்ய?

அன்று போனில் இதைத்தான் புலம்பினேன். பிறகு, எங்கள் கூட்டத்தில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்த ஒரு கதையையும் சொன்னேன்.

அதே 2014, ஜூலை. பி0218+357 என்ற பிளேசார். அதன் ஒளி கிளம்பி 700 கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது. அவ்வளவு தூரத்திலிருந்து உயர் ஆற்றல் காமா வருவதே கஷ்டம். நட்சத்திரங்கள் பிறந்த காலம் தொட்டு உமிழ்ந்த ஒளியெல்லாம் கேலக்சிகளுக்கு நடுவே மங்கலாகப் பரவிக் கிடக்கிறது. காமாத் துகள் அதில் முட்டினால் எலக்ட்ரான்-பாசிட்ரான் ஜோடியாகிக் காணாமல் போகும். ஆற்றல் கூடக்கூட, தூரம் கூடக்கூட, தப்பிப்பது அரிது. ஜூலை 13, 14-ல் அந்த பிளேசார் எரிவதை விண்ணிலிருந்து ஃபெர்மி செயற்கைக்கோள் பார்த்துவிட்டது. ஆனால் லா பால்மா தீவில் 17 மீட்டர் தொலைநோக்கிகள் இரண்டை வைத்திருக்கும் மேஜிக் குழு பார்க்க முடியவில்லை. பௌர்ணமி.

"அய்யய்யோ" என்றாள் அம்மா, நிஜமாகவே.

ஆனால் அந்த பிளேசாருக்கும் நமக்கும் நடுவே இன்னொரு கேலக்சி உட்கார்ந்திருக்கிறது. அதன் ஈர்ப்பு ஒளியை இரண்டு பாதையாக வளைக்கிறது, ஒன்று நீளம். 2012-ல் எரிந்தபோதே ஃபெர்மிக்காரர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள்: இரண்டாம் பிரதி 11.46 நாள் பிந்தி வரும். மேஜிக்காரர்கள் காத்திருந்தார்கள். ஜூலை 25, 26, அமாவாசை இருட்டு. சொல்லிவைத்தாற்போல வந்தது.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "கரண்டு போன எபிசோட மறுநா மத்தியானம் போடுவாம்லா, அது மாதிரியா?"

அதேதான். ஆய்வேட்டின் முன்னுரையில் ஒரு பக்கம் எழுதியும் எனக்கு இந்த உவமை தோன்றவில்லை.

"அப்ப உன் கேலக்சிக்கு முன்னால அப்படி ஒண்ணு உக்காரலையா?"

"இல்லம்மா. இருந்தாலும் பி0218 எல்லாம் எங்களுக்கு எட்டாது. மேஜிக் பிடிச்சது 65-லேர்ந்து 175 ஜிஇவி. எங்க கருவி தொடங்குறதே 200 பக்கத்துல."

ஜிஇவி என்பது ஆற்றலை அளக்கும் அலகு. அது என்ன என்று அவள் கேட்கவில்லை. எனக்கு ஒரு படி குறைவு என்பது மட்டும் விளங்கிவிட்டது. (அந்தப் படியைக் கீழே இறக்கத்தான் அதே ஹன்லேயில் 21 மீட்டர் மேஸ் தொலைநோக்கி எழும்பியது. 2024 அக்டோபரில் திறப்பு விழாப் படங்களைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைப்பட்டேன்.)

என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் அப்பர் லிமிட்தான்: இந்த அளவுக்கு மேல் இது எரியவில்லை என்று உறுதியாகச் சொல்லும் ஒரு எண். ஊருக்குப் போனபோது அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினேன். கீழ்நோக்கி அம்பு போட்ட ஒரே ஒரு புள்ளி.

"இதுக்கா அந்தக் குளிருல கெடந்த?" என்று கேட்டுவிட்டு, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.