வரையத் தெரிந்த வடசென்னைப் பிள்ளைகளுக்கு

பிளஸ் டூ முடித்த கையோடு, "எனக்கு நன்றாக வரைய வரும், ஆனால் இதை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை" என்று தயங்கி நிற்கும் தம்பி தங்கைகள் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் நிறையவே இருக்கிறார்கள். அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்து, இன்று புத்தகங்களுக்கு ஓவியமும் திரைப்படங்களுக்கு ஸ்டோரிபோர்டும் (படப்பிடிப்புக்கு முன் காட்சிகளை வரிசையாக வரைந்து காட்டும் படங்கள்) வரைந்து பிழைப்பு நடத்துபவன் என்ற முறையில் நான் அவர்களுக்குச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். கண்ணெதிரே இருப்பதை நன்றாகப் பார்த்து, குறித்த நேரத்துக்குள் வரைந்து முடிக்கும் பழக்கமே நுழைவுத் தேர்விலும் கைகொடுக்கிறது, பிறகு சம்பாத்தியத்துக்கும் வழிசெய்கிறது.

அந்தக் கல்லூரி நமக்கு அந்நியமான இடமன்று. 1850-இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் அதைத் தொடங்கியது நம் பிராட்வேயில்தான். பின்னர்தான் அது இப்போதைய பெரியார் ஈ.வெ.ரா. சாலை வளாகத்துக்குச் சென்றது. ஓவியம், சிற்பம், காட்சித் தொடர்பு வடிவமைப்பு, துணி வடிவமைப்பு, சுடுமண் கலை எனப் பல பிரிவுகளில் அங்கே பி.எஃப்.ஏ. என்னும் கவின் கலை இளநிலைப் பட்டம் படிக்கலாம். சேர்க்கைக்குக் கையால் வரைந்து காட்டும் தேர்வு உண்டு. அதன் விவரங்கள் மாறக்கூடும் என்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பை வரிவிடாமல் படித்துவிடுங்கள்.

நான் எழுதிய ஆண்டில் ஒரு மண்பானையையும், அதன்மேல் பாதி சரிந்த துணியையும், பக்கத்தில் ஒரு கண்ணாடிப் புட்டியையும் வைத்து வரையச் சொன்னார்கள். என் வரிசையில் இருந்தவர்களில் பலர் உடனே பானையின் ஓரக்கோட்டை அழுத்தி வரைந்து ஷேடிங்கில் இறங்கிவிட்டார்கள். பானைக்கும் புட்டிக்கும் நடுவே இருக்கும் வெற்றிடத்தின் வடிவத்தை முதலில் பிடித்தால்தான் அளவு விகிதம் சரியாக அமையும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் பள்ளியின் ஓவிய ஆசிரியர். பென்சிலை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, பானையின் அகலம் உயரத்தில் எத்தனை பங்கு என்று அளந்துகொள்ளவும், முழுத் தாளிலும் மெல்லிய கோட்டில் எல்லாப் பொருள்களுக்கும் இடம் குறித்துக்கொண்ட பிறகே அடர்த்தியாக எழுதும் 4பி பென்சிலைத் தொடவும் அவர் பழக்கியிருந்தார். கைப்பேசியில் நடிகர்களின் படத்தைப் பார்த்துக் கட்டம் போட்டு வரைபவர்களுக்கு இந்த இடத்தில்தான் சிக்கல் வருகிறது. புகைப்படத்தில் கேமரா ஏற்கெனவே எல்லாவற்றையும் தட்டையாக்கித் தந்துவிடுகிறது. பொருளை நேரில் பார்க்கும்போது அந்த வேலையை நம் கண்ணே செய்தாக வேண்டும்.

இந்தப் பயிற்சிக்கு நம் பகுதியைவிடச் சிறந்த இடம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு ஸ்கெட்ச் புத்தகத்துடன் காலையில் காசிமேட்டுக்குப் போய், வலை பின்னுபவர் அருகில் அமர்ந்து பாருங்கள். வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்தபடி அவர் ஊசியைச் செலுத்துவார். அந்த இழுவையில் முழங்கால் எப்படி மடங்குகிறது, தோள் எந்தப் பக்கம் சாய்கிறது, முதுகு எங்கே வளைகிறது என்பதை இரண்டு நிமிடத்தில் பத்துக் கோடுகளுக்குள் பிடிக்கப் பழகினால், பிறகு எந்த மனித உருவத்தையும் வரையக் கை தயங்காது. இன்று இயக்குநர் ஒருவர் என் எதிரே அமர்ந்து, "ஒருத்தன் வண்டியை நிறுத்திவிட்டு, சந்தேகத்தோடு இறங்குகிறான்" என்று சொல்லும்போது, ஸ்டாண்டு போடும் காலையும் பின்னால் திரும்பும் கழுத்தையும் நான் எந்தப் படத்தையும் தேடாமல் வரைவது அந்தக் காலைப்பொழுதுகளின் பலனால்தான்.

மெரினாவிலுள்ள உழைப்பாளர் சிலையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி இக்கல்லூரியின் முதல்வராக இருந்தவர். கல்லூரியின் காவலாளி ஒருவரையும் மாணவர் ஒருவரையும் மாதிரியாக நிறுத்தியே அவர் அந்தச் சிலையை உருவாக்கினார். 1959-இல் நிறுவப்பட்ட அந்த உருவங்களின் முதுகுத் தசையைப் பின்புறமாகச் சென்று பார்த்து வரைந்தால் ஒரு முழு வகுப்புக்குச் சமமான பாடம் கிடைக்கும். எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலைக் கூடமும் அப்படிப்பட்ட இடமே. வெள்ளிக்கிழமை அங்கு விடுமுறை.

வேறு வழிகளும் உண்டு. வடிவமைப்புப் பட்டப்படிப்பில் சேர ஐ.ஐ.டி. பம்பாய் நடத்தும் யூசீட் நுழைவுத் தேர்வைப் பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவர்களும் எழுதலாம். அதில் கணினியில் விடையளிக்கும் பகுதியோடு தாளில் வரைந்து காட்டும் பகுதியும் இருக்கிறது. வினாத்தாள் ஆங்கிலத்தில் இருக்கும் என்பதற்காக ஒதுங்கிவிட வேண்டாம். பழைய வினாத்தாள்களை எடுத்துப் பழகினால் அந்தத் தேர்வுக்குத் தேவையான ஆங்கிலம் பிடிபட்டுவிடும். பள்ளியில் படிக்கும்போதே அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியப் பாடத்தின் லோயர், ஹையர் ஆகிய இரு நிலைகளையும் எழுதி வைப்பதும் நல்லது.

வீட்டில் "இதில் சோறு கிடைக்குமா?" என்று கேட்பார்கள். துறைமுகத்திலும் கம்பெனியிலும் உடலை வருத்திப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி அது. அதற்குக் கோபப்படாமல் விவரத்தோடு பதில் சொல்லுங்கள். பி.எஃப்.ஏ.யும் ஒரு பட்டப்படிப்புதான் என்பதையும், ஏதேனும் ஒரு பட்டம் இருந்தால் போதும் என்கிற அரசுத் தேர்வுகளுக்கு அதை வைத்தே விண்ணப்பிக்கலாம் என்பதையும் எடுத்துச் சொன்னபோது என் அப்பாவின் முகத்திலிருந்த கவலை பாதி குறைந்தது. மீதியைக் குறைத்தது நான் வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் வருமானம்.

அந்த வருமானம் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ஓர் அழைப்பிதழ்க் கடையில் கிடைத்தது. கணினித் திரையில் பளிச்சென்று தெரியும் பச்சை நிறம் அச்சில் மங்கிப்போகும் என்பதையும், வெட்டும்போது ஓரம் பறிபோகாமல் இருக்க வெட்டும் கோட்டுக்கு வெளியேயும் படத்தைச் சற்று நீட்டி வைக்க வேண்டும் என்பதையும் அங்கேதான் கற்றேன். படிக்கும் காலத்திலேயே இத்தகைய கடைகளில் பகுதிநேரமாக வேலை பார்ப்பதை நான் வற்புறுத்திச் சொல்வேன். "வரைந்து கொடு தம்பி, பெயர் கிடைக்கும்" என்று இலவசமாகக் கேட்பவர்களும் வருவார்கள். அவர்களிடம் மரியாதை குறையாமல், ஆனால் உறுதியாக விலையைச் சொல்லுங்கள். பாதித் தொகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு, எத்தனை திருத்தம் செய்து தருவீர்கள், எந்தத் தேதியில் முடிப்பீர்கள் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி, அவர்கள் சம்மதம் தெரிவித்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். முடித்துக் கொடுக்கும்போது உங்கள் பெயர், வேலையின் விவரம், தொகை, தேதி ஆகியவற்றைக் குறித்து ஒரு பில் கொடுத்து, அதன் நகலை முதல் வேலையிலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.