சுவான்சோ கையுவான் கோயில்: மண்டபத்தின் பின்பக்கம் போய்ப் பாருங்கள்

சீனாவின் ஃபுஜியன் கடற்கரையில் உள்ள சுவான்சோ, சோங், யுவான் அரசர்கள் காலத்தில் பெருந்துறைமுகம். கடல் வணிகத்தைக் கவனிக்க 1087இல் இங்கே அரசு அலுவலகமே வைத்தார்கள். ஊரின் பெரிய கோயில் கையுவான், 686இல் எழுந்த பௌத்தக் கோயில்.

ஊதுவத்தி மூன்று போதும். முற்றத்துத் தூபச் சட்டியிலேயே ஏற்றிவிட வேண்டும், மண்டபத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. வாசற்படியை மிதிக்காமல் தாண்டுங்கள் (இதை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை). சீன மாதத்தின் 26ஆம் நாள் உள்ளூர் மக்கள் திரண்டு வருவார்கள். வழிபாட்டுக்கு நல்ல நாள், சிற்பம் பார்க்க ஆகாது.

மண்டபத்தில் ஐந்து திசைப் புத்தர்களை வணங்குமுன், முன்மேடையின் அடிப்பகுதியைக் குனிந்து பாருங்கள். மனித முகமும் சிங்க உடலுமாக வரிசையாகப் புடைப்புச் சிற்பங்கள். முழங்கால் உயரத்தில் இருப்பதால் கூட்டத்தில் தவறிப்போகும்.

பிறகு சுற்றிக்கொண்டு பின் தாழ்வாரத்துக்கு வாருங்கள். நடுவில் இரண்டு தூண்கள் மட்டும் வேறு மாதிரி இருக்கும். சதுரம், பதினாறு பட்டைக் கட்டு, மறுபடி சதுரம் என்று நம் கோயில் தூணின் அமைப்பேதான். சதுரங்களின் முகங்களில் வட்டத்துக்குள் சிற்பங்கள்: இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர், மருதமரங்களுக்கிடையே கண்ணன், யானையைக் காக்க வரும் திருமால். வடக்குப் பார்த்த இடம், வெளிச்சம் குறைவு. சிற்பங்களும் சிறியவை, எனவே ஒவ்வொரு முகமாக நிதானமாகப் பார்க்க வேண்டும்.

இவை இந்தக் கோயிலுக்காகச் செதுக்கியவை அல்ல. சக ஆண்டு 1203, அதாவது 1281 சித்திரையில், சம்பந்தப் பெருமாள் என்ற தவச்சக்கரவர்த்தி, அப்போது சீனாவை ஆண்ட யுவான் பேரரசர் குபிலாய் கானின் நலனுக்காக இந்த ஊரில் சிவனை எழுந்தருளச் செய்தார். அதைச் சொல்லும் கல்வெட்டு தமிழில் இருக்கிறது, கடைசி வரி மட்டும் சீனம். கையுவானில் அதைத் தேடி அலையாதீர்கள், இங்கே இல்லை. யுவான் ஆட்சியின் இறுதிக் கலவரங்களுக்குப் பின் சைவக் கோயில் இல்லாமல் போனது. சிதறிய கற்களை அடுத்து வந்த மிங் அரசர் காலத்தார் தங்கள் திருப்பணியில் சேர்த்துக்கொண்டார்கள். கல்லைத் தூக்கி எறியாமல் புத்தர் மண்டபத்தையே தாங்க வைத்தது பெரிய மனசு என்றே சொல்வேன்.

தெற்கே தியான்ஹோ கோயில், 1196இல் தொடங்கியது. கடலோடிகள் தாயாக வணங்கும் மாசு (Mazu) என்ற அம்மன்தான் இங்கே தெய்வம். பின் சன்னதி முகப்பிலும் இதே பாணித் தூண்கள் ஒரு ஜோடி உண்டு. அம்மனிடம் குறி கேட்க, ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் குவிந்தும் இருக்கும் பிறை வடிவக் கட்டைகள் இரண்டைக் கையில் வைத்து, மனதில் கேள்வியைச் சொல்லிக் கீழே போட வேண்டும். ஒன்று தட்டையாகவும் மற்றது குவிந்தும் மேல்நோக்கி விழுந்தால் சம்மதம். இரண்டும் குவிந்து விழுந்தால் இல்லை. இரண்டும் தட்டை என்றால் அம்மன் சிரிக்கிறாள், கேள்வியைத் தெளிவாக்கி மறுபடி கேட்கலாம்.