ஸ்பான்சர் இல்லாத திரைவிழா

கோரக்பூர் திரைப்பட விழாவை நடத்துகிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. கிழக்கு உத்தரப் பிரதேசத்தின் அந்த ஊரில் 2006 மார்ச்சில் ஜன் சன்ஸ்கிருதி மஞ்ச் என்ற பண்பாட்டு அமைப்பினர் இதைத் தொடங்கினார்கள். இப்படித் திரைவிழாக்கள் நடத்தும் இவர்களது இயக்கத்தின் பெயர் 'எதிர்ப்பின் சினிமா'. ஒருங்கிணைப்பாளர் சஞ்சய் ஜோஷி.

கம்பெனி ஸ்பான்சர் கிடையாது. அரசுப் பணமும் கிடையாது, நுழைவுக் கட்டணமும் கிடையாது. அப்புறம் எப்படி நடக்கிறது? ஆர்வலர்களும் பார்வையாளர்களும் தருகிற நன்கொடையில்தான். அரங்க வாடகை, புரொஜெக்டர், ஸ்பீக்கர், வெளியூரிலிருந்து வரும் இயக்குநர்களுக்குச் சாப்பாடு, தங்குமிடம் என்று செலவு வந்துகொண்டே இருக்கும். அதைச் சிறுகச் சிறுகச் சேர்ப்பது லேசுப்பட்ட காரியமா? ஆனால் அப்படிச் சேர்ப்பதால்தான் இந்தப் படத்தைப் போடாதே என்று சொல்லும் உரிமை எந்த முதலாளிக்கும் வருவதில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்ததே இதுதான்.

பிறகு இந்த இயக்கம் பட்னா, லக்னோ, நைனிடால், உதய்பூர் என்று பல ஊர்களுக்கும் பரவிவிட்டது.

உங்கள் பக்கத்தில் இப்படி ஒரு திரையிடல் நடந்தால், படம் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். உண்டியலில் முடிந்ததைப் போடுங்கள், நாற்காலி அடுக்கவும் கூட நில்லுங்கள். அவர்களுக்கு ஆள்பலம்தான் முதலில் தேவை.