வழிகாட்டியுடன் சென்னையில் ஒரு சனிக்கிழமை

சென்னையை ஒரே நாளில் சுற்றிக் காட்டும் பயணங்களில் பெரும்பாலானவை கோட்டை, அருங்காட்சியகம், கபாலீசுவரர் கோயில், சாந்தோம், மெரினா என்ற வரிசையில் ஓடுகின்றன. ஒவ்வோர் இடத்திலும் அரை மணி நேரம் நிறுத்துவார்கள்; கட்டிய ஆண்டும் கட்டியவர் பெயரும் சொல்லப்படும்; படம் எடுத்துக்கொண்டு மறுபடியும் வண்டியில் ஏறுவோம். கும்பகோணத்திலிருந்து அத்தையும் அவருடைய மகன் குடும்பமும் வந்திருந்தபோது நாங்கள் அமர்த்திக்கொண்ட வழிகாட்டி இந்த முறையையே மாற்றிவிட்டார். சுற்றுலாத் துறையின் உரிமம் பெற்ற நடுத்தர வயதுப் பெண்மணி அவர். ஒவ்வொரு கட்டடத்தின் முன்பும் நின்று, "இது இதற்கு முன்னால் எங்கே இருந்தது?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, அதற்கான விடையைத் தேடி எங்களை அடுத்த இடத்துக்கு அழைத்துப் போனார். சென்னை இடம்பெயர்ந்த பொருள்களால் ஆன நகரம் என்பதும், ஒன்று எங்கிருந்து எங்கே வந்தது என்று தெரியாமல் அதைப் பார்ப்பது பாதி பார்ப்பதுதான் என்பதும் அன்று மாலைக்குள் எனக்கு உறுதியாகிவிட்டன.

தலைமைச் செயலகத்துக்கு விடுமுறை என்பதால் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்திருந்தோம். வேலை நாள்களில் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் நின்று பேசுவதே கடினம். நுழைவாயிலில் பைகளைச் சோதித்து அனுப்புகிறார்கள். அடையாள அட்டை கையில் இருப்பது நல்லது. 1639 ஆகஸ்ட் 22ஆம் நாளுக்குரிய மானியத்தின்படி, கடலுக்கும் ஆற்றுக்கும் இடையே கிடந்த இந்த மணல் திட்டு, கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டேவுக்கு இப்பகுதியை ஆண்ட நாயக்கரிடமிருந்து கிடைத்தது. துணி வாங்கி ஏற்றுமதி செய்வதுதான் நோக்கம். பேரி திம்மப்பா துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்து பேச்சுவார்த்தைக்கு உதவினார். இவ்வளவையும் வண்டியிலேயே சொல்லி முடித்துவிட்ட வழிகாட்டி, எங்களை நேராகப் புனித மேரி ஆலயத்தின் வெளிமுற்றத்துக்கு அழைத்துச் சென்று, தரையைப் பார்க்கச் சொன்னார்.

தரை முழுவதும் கல்லறைப் பலகைகள் பாவியிருந்தன. லத்தீனிலும் போர்ச்சுகீசியத்திலும் ஆர்மீனியத்திலும் ஆங்கிலத்திலும் பெயர்கள் வெட்டிய கற்கள்; ஆனால் அவற்றின் கீழே யாரும் புதைக்கப்பட்டிருக்கவில்லை. ஆங்கிலேயரின் பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, பின்னாளில் சட்டக் கல்லூரி எழுந்த இடத்தில் இருந்தது. 1758 டிசம்பரில் லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, அந்த இடுகாட்டின் உயரமான சமாதிகள் எதிரிப் படையினருக்கு நல்ல மறைவிடமாகிவிட்டன. 1759 பிப்ரவரியில் முற்றுகை விலகிய பின், மறுமுறை அப்படி நேரக்கூடாது என்று சமாதிகளை இடித்துவிட்டார்கள்; எழுத்துப் பொறித்த பலகைகளை மட்டும் இங்கே கொண்டுவந்து பதித்தார்கள். போரில் தப்பிப்பதற்காக இறந்தவர்களின் பெயர்களையே பெயர்த்து எடுத்து வந்த செய்தி அத்தையை மிகவும் பாதித்தது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் அவர் அந்த முற்றத்தைக் கடந்தார். வழிகாட்டியும் ஒரு வார்த்தை சொல்லாமல் அவ்வாறே செய்தார்.

ஆலயம் 1680இல் திருநிலைப்படுத்தப்பட்டது. அதே ஆண்டில், பின்னாளில் சென்னையின் கவர்னரான எலிகு யேல் இங்கே மணம் முடித்தார். 1753இல் ராபர்ட் கிளைவின் திருமணமும் இங்கேதான் நடந்தது. இந்த இரண்டு பெயர்களையும் எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். எங்கள் வழிகாட்டி அவற்றை ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டு, கூரையை நிமிர்ந்து பார்க்கச் சொன்னார். மரமே சேர்க்காமல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு வளைத்துக் கட்டிய தடித்த கூரை அது. குண்டு விழுந்தாலும் துளைக்காதபடி திட்டமிட்டுக் கட்டப்பட்டது. வழிபாட்டுக்கு என்று எழுப்பிய கட்டடத்திலும் போரைப் பற்றிய அச்சம் கலந்திருப்பதைக் கண்ணால் பார்க்க முடிகிறது.

பக்கத்திலுள்ள கோட்டை அருங்காட்சியகத்தில் இரண்டு பொருள்களை மட்டும் நின்று பார்த்தோம். ஒன்று, 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தக் கோட்டையில் ஏற்றப்பட்ட பட்டுத் தேசியக்கொடி. கண்ணாடிப் பேழைக்குள், மங்கிய விளக்கொளியில் வைத்திருக்கிறார்கள். அத்தையின் பேரப்பிள்ளைகள் சொல்லாமலேயே அதன் முன்னால் அமைதியாகிவிட்டார்கள். மற்றொன்று, நகரின் பல இடங்களில் மாறி மாறி நின்று முடிவில் இங்கே வந்து சேர்ந்த காரன்வாலிஸ் சிலை. அந்தக் கட்டடமே 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வணிகர்கள் கூடுவதற்காகக் கட்டப்பட்டது. சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் 1796இல் இதன் மாடியில்தான் எரிந்தது. தேங்காய் எண்ணெய் ஊற்றிய விளக்குகளை ஏற்றிவைத்திருக்கிறார்கள். அந்த விளக்கு அடுத்து எங்கே போனது என்ற கேள்வியோடு வெளியே வந்தோம்.

சாலையைக் கடந்தால் உயர் நீதிமன்றம். வளாகத்துக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. ஆகவே வெளியே நின்றே பார்த்தோம். வளாகத்தினுள் தனியாக நிற்கும் உயரமான தூண், 1844இல் பணிக்கு வந்த இரண்டாவது கலங்கரை விளக்கம். 1892இல் நீதிமன்றக் கட்டடம் திறக்கப்பட்ட பின், அதன் உச்சிக் கோபுரத்தில் 1894இல் மூன்றாவது விளக்கு பொருத்தப்பட்டது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போனபோது சில குண்டுகள் இந்தப் பகுதியிலும் விழுந்தன. வளாகச் சுவரில் அதற்கான கல்வெட்டுப் பலகை இருக்கிறது. ஆனால் நாங்கள் அங்கே நெடுநேரம் நின்றதற்குக் காரணம் வேறு. அந்த மண்ணில் ஒரு காலத்தில் சென்ன கேசவப் பெருமாள் கோயில் இருந்தது. ஊர் மக்கள் பட்டணம் கோயில் என்று அழைத்த அந்தக் கோயிலைக் கோட்டையின் பாதுகாப்பைக் காரணம் காட்டி 1757இல் கம்பெனியார் இடித்தார்கள்.

"ஏம்மா, பெருமாளை அப்புறப்படுத்திட்டா அங்க கோர்ட்டு கட்டினாங்க?" என்று அத்தை கேட்டார்.

"உடனே கட்டலைங்கம்மா. கோட்டையைச் சுத்தி எதிரி ஒளிய இடம் இருக்கக்கூடாதுன்னு முதல்ல வெட்டவெளியா விட்டுட்டாங்க. கோர்ட்டு வந்தது நூத்து முப்பது வருஷத்துக்கும் மேல கழிச்சு" என்றார் வழிகாட்டி.

கோயில் மட்டும் நகரவில்லை, ஊரே நகர்ந்திருக்கிறது. 1746இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அதன் வடக்கு மதிலை ஒட்டி இந்தியர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்தில் ஒரு பகுதியை இடித்தார்கள். 1749இல் கோட்டை திரும்பக் கைக்கு வந்த பிறகு, எஞ்சியதை ஆங்கிலேயர்களே அகற்றினார்கள். நெசவாளர்களும் சாயக்காரர்களும் வணிகர்களும் வடக்கே தள்ளிக் குடியேறினார்கள். பின்னாளில் ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாற்றப்பட்ட பகுதி இதுதான். இடைவெளியில் எவரும் கட்டடம் எழுப்பக்கூடாது என்பதற்காக 1773இல் நட்ட எல்லைத் தூண்களில் ஒன்று, பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தில் இன்றும் இருக்கிறது. வழிகாட்டி அந்தச் சிறிய தூணைக் காட்டாமல் போயிருந்தால், என்.எஸ்.சி. போஸ் சாலையின் நெரிசலுக்கு நடுவே அப்படி ஒன்று இருப்பதை எவர் கவனிப்பார்? நகர வரலாற்றைப் படிப்பவர்கள் பெரிய கட்டடங்களைவிட இந்தத் தூணுக்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கோட்டைக்கு உள்ளே யார், வெளியே யார் என்று வகுத்த எல்லைக்கோட்டைக் காட்டும் கல் அது.

நடை சாத்துவதற்குள் தேவராஜ முதலி தெருவுக்குப் போய்ச் சேர்ந்தோம். இடித்த கோயிலுக்கு ஈடாக, மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் முயற்சியில் 1760களில் இங்கே எழுந்தவை சென்ன கேசவப் பெருமாள், சென்ன மல்லீசுவரர் ஆலயங்கள். பூக்கடையையும் காகிதக் கடைகளையும் கடந்து உள்ளே நுழைந்ததும் சந்தடி அடங்கிவிடுகிறது. பெருமாளும் சிவனும் அடுத்தடுத்து வீற்றிருக்கும் அந்த இரட்டைக் கோயிலில், சற்று முன்பு நீதிமன்றத்தின் எதிரே நின்று கேட்ட கதை மனத்தில் இருந்ததால், எங்கள் குடும்பத்தில் ஒருவரும் பிரகாரத்தை அவசரமாகச் சுற்றவில்லை. அத்தை அர்ச்சகரிடம் கோயில் வரலாற்றை மீண்டும் ஒருமுறை முதலிலிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அங்கிருந்து நடந்தே அரண்மனைக்காரன் தெருவுக்குப் போனோம். அங்குள்ள ஆர்மீனிய ஆலயம் இப்போதைய வடிவில் 1772இல் கட்டப்பட்டது. உலகின் முதல் ஆர்மீனியப் பருவ இதழான 'அஸ்தரார்' 1794இல் சென்னையில்தான் வெளிவந்தது. அதை நடத்திய பாதிரியார் ஷ்மவோனியனின் கல்லறை இந்த வளாகத்தில் இருக்கிறது. தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாளை வெளியிலிருந்து வணங்கிவிட்டு, மண்ணடிப் பக்கம் ஒரு மெஸ்ஸில் வாழையிலையில் சாப்பிட்டோம். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் பிழைப்புக்காகத் தொடங்கிய கடைகள் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி இருப்பதையும், மாலையில் அங்கே அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கும் வண்டிகள் வந்து நிற்பதையும் வழிகாட்டி போகிற போக்கில் சொன்னார். அவருடைய கேள்விக்கு அதுவும் ஒரு விடைதான்.

பிற்பகலில் எழும்பூர் அருங்காட்சியகம் வேண்டாம் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். நானும் அதை ஏற்றுக்கொண்டேன். அமராவதிச் சிற்பங்களையும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளையும் வெயிலில் களைத்துப்போய் ஒரு மணி நேரத்தில் பார்ப்பது அவற்றுக்குச் செய்யும் நியாயமாகாது. அதற்கு ஒரு முழு நாளைத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும்.

கடற்கரைச் சாலையில் சேப்பாக்கம் அரண்மனையைக் கடக்கும்போது, 1768இல் ஆற்காட்டு நவாபுக்காக எழுந்த அந்த மாளிகை 1855க்குப் பின் அரசின் கைக்குப் போனதையும், நவாப் குடும்பம் பின்னர் இராயப்பேட்டை அமீர் மகாலுக்குக் குடிபெயர்ந்ததையும் கேட்டுக்கொண்டோம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லம். 1897இல் அவர் தங்கியிருந்த கட்டடம். அங்கே வண்டியை நிறுத்தி வழிகாட்டி சொன்னதுதான் அன்றைய நாளில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. அந்தக் காலத்தில் அலைகள் கோட்டைச் சுவருக்கு அருகிலேயே வந்து போய்க்கொண்டிருந்தன. இன்று நாம் காணும் மெரினாவின் அகலம் அப்போது இல்லை. 1870களில் துறைமுகத்துக்கான கல் கரங்களைக் கடலுக்குள் நீட்டத் தொடங்கியதும், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கே தடுக்கப்பட்டுத் தென்புறம் சேர ஆரம்பித்தது. வடபுறம் இராயபுரம், காசிமேட்டுக் கரைகளுக்கு மணல் போகாமல் கடல் அரிப்பு வந்தது. நாம் மாலைக்காற்று வாங்கும் இந்த மணல்வெளி, வடசென்னை மீனவர் இழந்த கரையின் மறுபக்கம். இதைச் சொல்லாமல் மெரினாவைக் காட்டி முடிக்கும் எந்தச் சுற்றுலாவும் முழுமையானதல்ல என்றே நினைக்கிறேன்.

விளக்கின் கதையும் இங்கே நிறைவுற்றது. 1977இல் இப்போதைய கலங்கரை விளக்கம் பணிக்கு வந்தது. மின்தூக்கியில் மேலே ஏறிப் பார்த்தபோது வடக்கே துறைமுகமும் தெற்கே சாந்தோம் ஆலயத்தின் வெண்ணிறக் கோபுரமும் ஒருசேரத் தெரிந்தன.

நான்கு மணிக்குப் பிறகு கபாலீசுவரர் கோயில் நடை திறக்கும் என்பதால் மயிலாப்பூர் இறுதியாக வைக்கப்பட்டிருந்தது. பழைய கோயில் கடலோரத்தில் இருந்தது. போர்ச்சுகீசியர் காலத்தில் அழிந்தது. இப்போதைய கோயில் பின்னர் உள்ளே தள்ளிக் கட்டப்பட்டது. சாந்தோம் பகுதியில் பழைய கோயிலின் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. சம்பந்தர் பூம்பாவைப் பதிகத்தில் மயிலையின் திருவிழாக்களை வரிசையாகச் சொல்லும்போது மாசிக் கடலாட்டையும் சேர்த்திருக்கிறார். அத்தைக்கு அந்தப் பதிகம் மனப்பாடம். தெப்பக்குளப் படிக்கட்டில் உட்கார்ந்து அவர் மெல்லிய குரலில் அதைப் பாடி முடிக்கும்வரை வழிகாட்டி எதையும் விளக்க முற்படவில்லை. தெரிந்ததையெல்லாம் சொல்லிவிடத் துடிக்காத அந்தப் பக்குவம், இந்தத் தொழிலில் நான் மிகவும் மதிக்கும் பண்பு.

ஒரு குறை எனக்கு இருக்கிறது. ஒருநாள் பயணங்கள் எல்லாமே மண்ணடியோடு வடக்கே போவதை நிறுத்திவிடுகின்றன. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் புறப்பட்ட இராயபுரம் நிலையத்தின் பழைய கட்டடம் இன்னும் நிற்கிறது. கடல் தின்ற கரையையும் அங்கே நேரில் பார்க்கலாம். மெரினாவில் கேட்டதன் மறுபாதி அங்கேதான் இருக்கிறது. விடைபெறும்போது வழிகாட்டியிடம் இதைச் சொன்னேன். அந்தப் பகுதிக்குத் தனியாக ஒரு காலைப்பொழுது போதும் என்றும், வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம் என்றும் சொன்னார். மார்கழிக் கச்சேரிகளுக்காக அத்தை மறுபடியும் வருகிறார். அப்போது போவதற்குச் சொல்லி வைத்திருக்கிறோம்.