ஐந்து சென்ட் உறையும் போயிங் 40ஏ விமானமும்

மூன்று ஆண்டுகளுக்கு முன் கோவையில் நடந்த ஓர் அஞ்சல்தலைக் கண்காட்சியின் கடைசி நாள் மாலையில், கடையைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு வியாபாரியிடம் பேரம் பேசி வாங்கிய உறை ஒன்று என்னிடம் இருக்கிறது. 1928 செப்டம்பரில் சிகாகோவில் முத்திரை குத்தப்பட்டு, சான் பிரான்சிஸ்கோவிலிருந்த ஒரு வங்கிக்குச் சென்ற உறை அது. உள்ளே எதுவும் இல்லை. ஆனால் மேலே ஒட்டியிருக்கும் ஐந்து சென்ட் விமானத் தபால் ஸ்டாம்புக்காகவே அதை வாங்கினேன்.

அகலவாக்கில் நீண்ட ஸ்டாம்பு அது. சட்டம் சிவப்பு, நடுவில் உள்ள படம் நீலம். படத்தில் ராக்கி மலைத்தொடரின் ஷெர்மன் குன்றின்மேல் நின்ற விளக்குக் கோபுரமும், அதை ஒட்டிப் பறக்கும் இரட்டை இறக்கை விமானமும் உள்ளன. இரு நிறங்களும் தனித்தனியாக அச்சேறியதால் நீலப்படம் சட்டத்தின் நடுவே சரியாக அமராமல் விலகிப்போவது இந்த ஸ்டாம்பில் சகஜம். என்னுடைய பிரதியிலும் படம் சற்று ஒருக்களித்து நிற்கிறது. லென்ஸ் வைத்துப் பார்க்கும்போதெல்லாம், விமானி குன்றைத் தாண்டுவதற்காகக் கொஞ்சம் கூடுதலாகவே ஏறிவிட்டார் என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன்.

ஒரு வங்கிக்கு எதற்காக இவ்வளவு அவசரம் என்பதுதான் அமெரிக்க விமானத் தபாலின் கதைக்குத் திறவுகோல். ரயிலில் போகும் தபால் நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குச் சென்றுசேர நான்கு நாட்களுக்கு மேல் ஆனது. அத்தனை நாளும் பைக்குள் கிடக்கும் காசோலையின் பணத்துக்கு வட்டி கிடையாது. பெருந்தொகைக் காசோலைகளை இரண்டு நாள் முன்னதாகக் கொண்டுசேர்த்தால் மிச்சமாகும் வட்டிக்கு முன்னால் ஸ்டாம்பு விலை ஒன்றுமே இல்லை. ஆகவே தொடக்க காலத்து விமானத் தபாலின் நல்ல வாடிக்கையாளர்கள் வங்கிகளும் வணிக நிறுவனங்களுமே தவிர, காதலர்களோ ஊரைவிட்டுப் போன பிள்ளைகளோ அல்லர்.

உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் 1911 பிப்ரவரி 18 அன்று நம் அலகாபாத்திலிருந்து யமுனையைக் கடந்து நைனிக்குப் பறந்தது என்பதை இங்கே பலரும் பெருமையுடன் குறிப்பிடுவார்கள். பெருமைக்குரியதுதான், ஆனால் அது ஒரு கண்காட்சியையொட்டி நடந்த ஒற்றைப் பயணம். நாள் தவறாமல் கால அட்டவணைப்படி நடக்கும் சேவையை அமெரிக்கத் தபால்துறை 1918 மே 15 அன்று வாஷிங்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே தொடங்கியது. அன்று வாஷிங்டனிலிருந்து கிளம்பிய ராணுவ விமானி வடக்கே போவதற்குப் பதிலாகத் தெற்கே போய், மேரிலாந்தில் ஒரு வயலில் விமானத்தைக் குப்புறக் கவிழ்த்தார். வழியனுப்ப அதிபர் வில்சனே வந்திருந்தார் என்பதை அந்த விமானி ஆயுள் முழுக்க மறந்திருக்கமாட்டார்.

விரைவிலேயே ராணுவத்திடமிருந்து சேவையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்ட தபால்துறை, முதல் உலகப்போரில் மிஞ்சிய டிஎச்-4 விமானங்களை மலிவாகப் பெற்று ஓட்டியது. இந்த விமானத்தில் விமானியின் இருக்கை என்ஜினுக்கும் பெட்ரோல் தொட்டிக்கும் நடுவே இருந்ததால், மூக்கு தரையில் குத்தினால் தொட்டி முன்னால் பாய்ந்து அவரை நசுக்கிவிடும். 'எரியும் சவப்பெட்டி' என்ற பட்டப்பெயரும் அதற்கு உண்டு. தபால்துறை விமானியைப் பின்னிருக்கைக்கு மாற்றி, முன்னிருக்கை இருந்த பள்ளத்தை மூடி அதில் தபால் மூட்டைகளை வைத்தது. அப்படியும் 1918 முதல் 1927 வரை தபால்துறையின் விமானிகளில் முப்பதுக்கும் மேற்பட்டோர் பணியில் இறந்தனர்.

டிஎச்-4 விமானத்தின் லிபர்ட்டி என்ஜின் 400 குதிரைத்திறன் கொண்டது, தண்ணீரால் குளிர்வது. என்ஜின் மட்டும் சுமார் 844 பவுண்டு. அதன்மேல் ரேடியேட்டர், குழாய்கள், அவற்றில் நிரம்பிய தண்ணீர் ஆகியவற்றின் எடையையும் கூட்டிக்கொள்ள வேண்டும். சிகாகோவிலிருந்து மேற்கே போகும் வழியில் ஷெர்மன் குன்றின் பகுதி 8000 அடிக்கும் மேலே இருக்கிறது. காற்று மெலிந்து என்ஜின் திணறும் அந்த உயரத்துக்கு, சல்லிக்காசு வருமானம் தராத தண்ணீரைத் தினமும் சுமந்துகொண்டு ஏறினார்கள்.

1925இல் இயற்றப்பட்ட கெல்லி சட்டம் தபால் வழித்தடங்களைத் தனியார் நிறுவனங்களிடம் ஒப்பந்தத்துக்கு விட வழிசெய்தது. அதே ஆண்டு போயிங் நிறுவனம் லிபர்ட்டி என்ஜினை வைத்து 'மாடல் 40' என்ற தபால் விமானம் ஒன்றைச் செய்து பார்த்தது. ஒன்றே ஒன்றுதான், அதில் சிறப்பாகச் சொல்ல எதுவும் இல்லை. இதற்கிடையே பிராட் அண்ட் விட்னி நிறுவனம் கடற்படைக்காக உருவாக்கிய 'வாஸ்ப்' என்ஜின் 1925 டிசம்பரில் முதன்முதலாக ஓடியது. ஒன்பது சிலிண்டர்கள் ஒரு வட்டமாக நின்று, எதிரே வரும் காற்றிலேயே குளிர்ந்துகொள்ளும் அமைப்பு அது. லிபர்ட்டியை விடச் சற்றுக் கூடுதலான திறன், எடையோ 650 பவுண்டுக்குள். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது, குளிர்காலத்தில் உறைந்து வெடிக்கக் குழாயும் கிடையாது. இந்த என்ஜினைப் பொருத்தி, எஃகுக் குழாய்களைப் பற்றவைத்த உடற்சட்டத்துடன் மறுபடி வடிவமைத்த விமானம்தான் 40ஏ.

மிச்சமான எடையை என்ன செய்வது என்ற கேள்விக்குப் போயிங் கண்ட விடையைத்தான் நான் மிகவும் ரசிக்கிறேன். என்ஜினுக்கும் விமானிக்கும் நடுவே, இறக்கைகளுக்கு இடையில், கதவும் சன்னலும் வைத்து இரண்டு பேர் உட்காரும் ஒரு சிறு அறையைச் செய்தார்கள். 1200 பவுண்டு தபாலோடு இரண்டு மனிதர்களையும் அந்த விமானம் சுமந்தது. தோல் கோட்டும் கண்ணாடியும் அணிந்த விமானி அறைக்குப் பின்னால் திறந்தவெளியில் பனியையும் மழையையும் முகத்தில் வாங்கிக்கொண்டு ஓட்ட, பயணிகள் முன்னால் மூடிய அறையில் உட்கார்ந்திருப்பார்கள். நம் ஊர்க் குதிரைவண்டியில் வண்டிக்காரர் முன்னால் நனைவார்; இங்கே பின்னால் நனைந்தார்.

சிகாகோ–சான் பிரான்சிஸ்கோ தடத்துக்குப் போயிங் கேட்ட விலை, முதல் ஆயிரம் மைலுக்குப் பவுண்டுக்கு 1.50 டாலர், அதன்பிறகு ஒவ்வொரு நூறு மைலுக்கும் 15 சென்ட். சுமார் 1900 மைல் கொண்ட முழுத் தடத்துக்குப் பவுண்டுக்கு ஏறத்தாழ 2.88 டாலர் வருகிறது. மற்றவர்கள் கேட்டதைவிட இது மிகவும் குறைவாக இருந்ததால், இவர்களால் முடியுமா என்று சந்தேகப்பட்ட அரசு 5 லட்சம் டாலர் ஜாமீன் கேட்டது. வில்லியம் போயிங் அதற்குத் தாமே பொறுப்பேற்றார். 24 விமானங்களைச் சில மாதங்களில் கட்டி முடித்து, 1927 ஜூலை 1 அன்று சேவையைத் தொடங்கினார்கள். முதல் பயணியாகச் சிகாகோவிலிருந்து கிளம்பிய பத்திரிகை நிருபர் ஜேன் ஈட்ஸ், வழியில் விமானங்கள் மாறி, ஏறத்தாழ 23 மணி நேரத்தில் சான் பிரான்சிஸ்கோ சேர்ந்தார்.

முழுத் தடத்துக்கான டிக்கெட் விலை 200 டாலர். இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பயணியின் எடை 160 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். அதே எடைக்குக் கடிதங்களை ஏற்றியிருந்தால் நிறுவனத்துக்குக் கிடைத்திருப்பது 460 டாலர். அதாவது, எடைக்கு எடை பார்த்தால் ஒரு மனிதரைவிடக் கடிதத்துக்கு இரண்டேகால் மடங்கு மதிப்பு. தபால் அதிகமாக வந்துவிட்டால் பயணியை இறக்கிவிட்டு மூட்டையை ஏற்றுவது அந்தக் காலத்து விமான நிறுவனங்களில் வழக்கமாக இருந்ததில் வியப்பில்லை. இன்று விமானப் பயணத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பயணியைக் கதாநாயகனாக வைத்தே தொடங்குகிறார்கள். என் பார்வையில் அவர் மூட்டைகளுக்குப் போக மிஞ்சிய இடத்தில் ஒண்டிக்கொண்டவர். ஒண்டிய இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து வீட்டையே பிடித்துக்கொண்டார்.

விமானம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இரவில் பறக்க முடியாவிட்டால் ரயில் முந்திவிடும். 1921 பிப்ரவரியில் இதை நிரூபிக்க ஒரு தொடர் ஓட்டம் நடந்தது. ஜேக் நைட் என்ற விமானி நார்த் பிளாட்டிலிருந்து இரவில் கிளம்பி, வழியில் மக்கள் மூட்டிய சொக்கப்பனைகளைக் குறியாக வைத்து ஒமாஹா சேர்ந்தார். அங்கே அவரிடமிருந்து மூட்டையை வாங்க வேண்டியவர் வந்திருக்கவில்லை. தாம் ஒருமுறைகூடப் பறந்திராத மீதித் தடத்தையும் ஒரு சாலை வரைபடத்தை வைத்துக்கொண்டு அவரே பறந்து, விடிந்தபின் சிகாகோவில் இறங்கினார். சான் பிரான்சிஸ்கோவில் ஏறிய தபால் 33 மணி 20 நிமிடத்தில் நியூயார்க்கை அடைந்தது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பணம் ஒதுக்கத் தயங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த ஓரிரவு பெரும் உதவியாக அமைந்தது.

அதன்பின் எழுந்தவைதான் என் ஸ்டாம்பில் உள்ளது போன்ற விளக்குக் கோபுரங்கள். சுமார் பத்து மைலுக்கு ஒன்றாக, ஐம்பது அடி உயர இரும்புக் கோபுரத்தின் உச்சியில் பத்து வினாடிக்கு ஒருமுறை சுழன்று வெட்டும் விளக்கு. அதன் அடியில் பகலில் தெரிவதற்காகத் தரையில் கான்கிரீட்டால் போட்டு மஞ்சள் பூசிய, எழுபது அடி நீள அம்புக்குறி. பக்கத்து விளக்குகள் பச்சையாக மின்னினால் அங்கே அவசரத்துக்கு இறங்கலாம், சிவப்பென்றால் இடமில்லை. அவை மோர்ஸ் குறியீட்டில் ஓர் எழுத்தையும் சிமிட்டும். டபிள்யூ, யூ, வி, எச், ஆர், கே, டி, பி, ஜி, எம் என்ற பத்து எழுத்துகள் பத்து கோபுரங்களுக்கு ஒரு சுற்றாக வரும். இருட்டில் எழுத்தைப் படித்தால், நூறு மைல் துண்டில் எத்தனையாவது பத்தில் இருக்கிறோம் என்பது விளங்கிவிடும். விமானிகள் இந்த எழுத்துகளில் தொடங்கும் சொற்களைக் கோத்து ஒரு வாக்கியமாக மனப்பாடம் செய்திருந்தார்கள். மேகம் தாழ்ந்து விளக்கு மறைந்தால் வாக்கியம் பயன்படாது என்பது வேறு விஷயம். அந்த அம்புகளில் சில இன்றும் மேற்கு மாநிலங்களின் புதர்க்காடுகளுக்கு நடுவே வெடிப்பு விட்டுக் கிடக்கின்றன.

எடைக்குக் கூலி என்ற முறை ஒரு வேடிக்கைக்கும் வழிவகுத்தது. 1928 ஆகஸ்ட் 1 முதல் விமானத் தபாலுக்கு முதல் அவுன்ஸுக்கு ஐந்து சென்ட், அடுத்த ஒவ்வோர் அவுன்ஸுக்கும் பத்து சென்ட் என்று கட்டணத்தைக் குறைத்தார்கள். இதன்படி ஒரு பவுண்டு எடையுள்ள பார்சலுக்கு ஸ்டாம்புச் செலவு 1.55 டாலர். அதைச் சுமந்துபோகும் நிறுவனத்துக்கு அரசு தரும் கூலியோ பல தடங்களில் அதைவிட அதிகம். ஆகவே சிலர் செங்கல்லையும் தொலைபேசிப் புத்தகங்களையும் தமக்குத் தாமே தபாலில் அனுப்பிக்கொண்டார்கள் என்று சொல்வதுண்டு. அதிலுள்ள லாபத்தைப் பார்த்தால் நம்பாமலிருக்க முடியவில்லை.

1930இல் வந்த வாட்ரஸ் சட்டம் எடையை விட்டுவிட்டு, தபாலுக்காக ஒதுக்கும் இடத்துக்கு மைல் கணக்கில் கூலி தந்தது. இடத்துக்குப் பணம் என்றானதும் பெரிய விமானம் வாங்குவதில் லாபம் வந்தது. பெரிய விமானம் வந்ததும் அதில் இருக்கைகள் வந்தன. 1933இல் பறந்த போயிங் 247, முழுதும் உலோகத்தாலானது, பத்துப் பயணிகளையும் 400 பவுண்டு தபாலையும் சுமந்தது. ஆறே ஆண்டுகளில் மூட்டையும் ஆளும் இடம் மாறிவிட்டதை இந்த இரு எண்களும் காட்டுகின்றன. 1935 டிசம்பரில் பறக்கத் தொடங்கிய டக்ளஸ் டிசி-3, 21 பேரை ஏற்றி, தபால் பணத்தை நம்பாமலேயே லாபம் ஈட்டக்கூடிய நிலைக்கு வந்துசேர்ந்தது.

சென்ற வாரம் எங்கள் தெரு நகைக்கடைக்காரரிடம் என் உறையைக் கொண்டுபோய்த் தங்கம் நிறுக்கும் தராசில் வைக்கச் சொன்னேன். ஏதோ கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் நிறுத்துத் தந்தார். சரியாக 5 கிராம். பவுண்டுக்கு 2.88 டாலர் வீதம் அதைச் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுபோக அரசு கொடுத்த கூலி மூன்று சென்டுக்குச் சற்று மேல். வெறும் உறைக்கே இவ்வளவு என்றால், உள்ளே 3 கிராமில் ஒரே ஒரு தாள் இருந்திருந்தாலும் ஐந்து சென்ட் தாண்டியிருக்கும். வங்கிக்காரர்கள் வெறும் உறையை அனுப்பியிருக்கமாட்டார்கள்.